பயத்துக்குப் பில் போட விடாதே!

வாங்காதே!

கையில் இருக்கிற அந்தப் பட்டியலைக் கீழே வை, தங்கச்சி. கடைக்குக் கிளம்புமுன் கொஞ்சம் நில்.

மாசமாக இருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து எத்தனை பேர் உன்னைச் சுற்றி வந்துவிட்டார்கள்! போனைத் திறந்தால் வயிற்றுக்குப் பூசும் கிரீம். மருந்துக் கடையில் கால் வைத்தால் புரோட்டீன் பவுடர். ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தால் கையில் ஒரு பளபளப்பான நோட்டீஸ். வீட்டுக்கு வந்தால், "உன் நாத்தனார் இதெல்லாம் வாங்கினாளே, நீ வாங்கலையா?"

அத்தனை பேரும் கை வைப்பது ஒரே இடத்தில்தான். உன் பயத்தில்!

"இதை வாங்காமல் விட்டு, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" இந்த ஒரு கேள்வி உன் மனதில் விழுந்தால் போதும். மீதி வேலையை நீயே செய்துவிடுவாய். பர்ஸ் தானாகத் திறக்கும்.

பயப்படுவது தப்பா? இல்லவே இல்லை. பயப்படாத தாய் எங்கே இருக்கிறாள்? பயப்படு. ஆனால் அந்தப் பயத்தின் கையில் பணத்தைக் கொடுக்காதே!

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டருக்கா படித்தேன்?" என்கிறாய்.

இந்தச் சாக்கு என்னிடம் செல்லாது.

சந்தையில் கால் கிலோ கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சொத்தையை ஒதுக்கிவிட்டு வாங்குகிறவள் நீ. ஆயிரம் ரூபாய் டப்பாவை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறாய்?

எதை நீட்டினாலும் கேள்: இது இல்லாவிட்டால் எனக்கோ குழந்தைக்கோ என்ன கெட்டுப்போகும்? இதே வேலையைச் செய்ய வீட்டில் வேறு எதுவும் இல்லையா? விற்கிறவரிடம் கேள். டாக்டரிடம் கேள். நர்சம்மாவிடம் கேள். வெட்கமாக இருக்கிறதா? பத்து மாதம் சுமக்கப் போகிறவளுக்கு ஒரு கேள்வி கேட்க வெட்கமா?

வா, இப்போதே தொடங்கு. அந்தப் பவுடர் டப்பாவை எடு.

முன்பக்கத்துச் சிரிக்கும் குழந்தையைப் பார்க்காதே. திருப்பு! பின்னால் பொடி எழுத்தில் இருக்கிறதே, அதைப் படி. சேர்த்திருக்கும் பொருட்களில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும், அது சட்டம். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? முதல் இரண்டு மூன்றுக்குள் இருந்தால், நீ காசு கொடுப்பது எதற்கு?

நம் ஊரில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் அரிதானதல்ல. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கிறாய். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. இந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு, சர்க்கரை கலந்த 'சத்து' பவுடரை இரண்டு வேளை குடிப்பது எந்த ஊர் நியாயம்?

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்பகாலப் பரிந்துரைகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. சத்துக்குறைவு மிகுந்த மக்களிடையே கூட, கர்ப்பிணிகளுக்கு அதிகப் புரதப் பவுடர்களைப் பரிந்துரைக்கவில்லை. முட்டை இருக்கிறது. மத்தி மீன் இருக்கிறது. பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், நிலக்கடலை, தயிர் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் விளம்பரம் இல்லை, அதனால் மதிப்பும் இல்லையா?

உன் எடையைப் பார்த்து, டாக்டரே ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு. அதைத் தவறாமல் சாப்பிடு.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. சரியாகப் பதில் சொல்.

சிவப்பு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

தலையைக் குனியாதே, சொல்! நர்சம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அலமாரியில் அப்படியே இருக்கிறதா இல்லையா? "சும்மா கொடுக்கிற மாத்திரைதானே" என்று நினைத்தாயா? "குமட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது, கறுப்பாகப் போகிறது" என்று நிறுத்திவிட்டாயா?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பார். இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை! பிரசவத்தில் ரத்தப்போக்கு மிஞ்சினால், ரத்தம் குறைந்த உடம்பு எப்படித் தாங்கும்? இதற்குத்தான் பயப்பட வேண்டும். வயிற்றில் விழும் கோடுகளுக்கு அல்ல!

அந்தச் சின்ன மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாம் மாதத்திலிருந்து 180 நாள். பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். டீ, காபியோடு போடாதே. கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடாதே. இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் விடு. எலுமிச்சைச் சாறோடு போட்டால் உடம்பில் நன்றாக ஏறும். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார். அப்படியும் முடியவில்லையா? நிறுத்தாதே, போய்ச் சொல்! மாற்று வழி கொடுப்பார்கள்.

குழந்தைக்காக இப்போதுதான் திட்டமிடுகிறாயா? அப்படியானால் ஃபோலிக் அமிலத்தை இன்றே கேட்டு வாங்கு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது உனக்கு உறுதியாவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். காத்திருக்க நேரம் ஏது?

"இதெல்லாம் கவர்மென்ட் ஆஸ்பத்திரி சமாச்சாரம். நமக்கு எதுக்கு?" இப்படி ஒரு கௌரவம் வேறு!

அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் யார் பெயரில் நடக்கிறது தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டைக்காரர். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில், ஊரே எதிர்த்தபோது உள்ளே நுழைந்து படித்தவர். 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர் பெயரிலான அந்தத் திட்டம் 1987-ல் தொடங்கியது. 2018-ல் அது 18,000 ரூபாயாக உயர்ந்தது. 14,000 பணமாகவும், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கொடுக்கிறார்கள். நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், சத்து மாவு என்று அதில் இருப்பவை உனக்கு உண்மையிலேயே தேவையானவை.

உனக்குத் தகுதி இருக்கிறதா? போய்க் கேள். பதிவு செய். பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கு. வரிசையில் நில். கால் வலிக்கும், தெரியும். உட்கார இடம் கொடு என்று கேட்டு வாங்கு. கேட்க வாய் இருக்கிறது உனக்கு!

கிரீம் சங்கதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். வயிற்றுக்கோடு வருவதும் வராததும் பெரும்பாலும் பரம்பரை. தடுக்கும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட கிரீம் எதுவும் இல்லை. அரிப்பு இருந்தால் தேங்காய் எண்ணெய் போதும். உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு தாங்கவில்லையா? கிரீம் தேடாதே, டாக்டரிடம் ஓடு. ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

குங்குமப்பூவா? பிடித்தால் ஒரு சிட்டிகை போட்டுக் குடி. ஆனால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று சொல்லி யாராவது விற்றால், அவரை வாசலோடு அனுப்பு! நிறம் உன்னிடமிருந்தும் உன் கணவரிடமிருந்தும் வருகிறது. கறுப்பாகப் பிறந்தால் என்ன குறை? பிறக்காத பிள்ளையின் தோலை இப்போதே குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இனி பெரிய பணத்துக்கு வருகிறேன். தொப்புள்கொடி ரத்த வங்கி!

ஏழாம் மாதம், எட்டாம் மாதம். மனசு இளகிக் கிடக்கும் நேரம். அப்போதுதான் அந்த போன் வரும். "மேடம், பிற்காலத்தில் பிள்ளைக்குப் பெரிய நோய் வந்தால்? இந்த ஒரு வாய்ப்பை விட்டால் திரும்பக் கிடைக்காது. மாதத் தவணையில் கட்டலாம்." பல பத்தாயிரம் ரூபாய்! கணவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

நில்! இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் என்ன சொல்கிறது? பிள்ளையின் சொந்த உபயோகத்துக்கென்று தனியார் வங்கியில் சேமிப்பதை அது பரிந்துரைக்கவில்லை. காரணம் எளிது. பரம்பரை ரத்த நோய் வந்தால், அதே கோளாறு சேமித்த ரத்தத்திலும் இருக்கும். அதைக் கொண்டு அதே பிள்ளையை எப்படிக் குணப்படுத்துவது? வீட்டில் ஏற்கெனவே மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்தால் மட்டும் கதை வேறு. ரத்தநோய் மருத்துவரிடம் பேசு.

இன்னொன்று கேள். பிறந்தவுடன் கொடியை அவசரமாக வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடம் விட்டால், அந்த ரத்தம் குழந்தையின் உடம்புக்கே போய்ச் சேர்கிறது. அடுத்த பல மாதங்களுக்கு வேண்டிய இரும்பு அதில் இருக்கிறது. இதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. காசு கட்டிப் பெட்டியில் பூட்டச் சொல்கிற ரத்தம் யாருடையது? உன் பிள்ளையுடையது! பிள்ளைக்கே கொடு. பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வை: "கொடியைக் கொஞ்சம் பொறுத்து வெட்டுவீர்களா?"

பால் புட்டியைப் பட்டியலில் எழுதியிருக்கிறாயே, அதை அடி! 1992-ல் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பால் புட்டிக்கும் குழந்தைப் பால் பவுடருக்கும் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரம் செய்ய வேண்டாம் என்று சட்டமே தடுத்த பொருளை, பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஏன் வாங்கி அடுக்குகிறாய்? உன்னால் பால் கொடுக்க முடியாது என்று யார் முடிவு செய்தது?

முதல் சில நாள் திணறலாம். காம்பு புண்ணாகலாம். பிள்ளை அழும், நீயும் அழுவாய். விட்டுவிடாதே! நர்சைக் கூப்பிடு, பிள்ளையைப் பிடிக்கும் விதத்தைக் காட்டச் சொல். பீய்ச்சிக் கொடுக்க வேண்டி வந்தால் பாலாடை இருக்கிறது. நம் பாட்டிகளின் அந்தச் சின்னப் பாத்திரம்தான் இன்றைக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் வேலை செய்கிறது. எல்லா முயற்சிக்கும் பிறகு டாக்டரே புட்டிப்பால்தான் என்றால், தலை நிமிர்ந்து கொடு. அது தோல்வி இல்லை. அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம், கடை எங்கேயும் ஓடிப்போகாது.

பிள்ளைக்கு விலையுயர்ந்த மெத்தை, தலையணை, பவுடர் எதுவும் வேண்டாம். பவுடர் மூச்சுக்குள் போனால் ஆபத்து. துவைத்து வெயிலில் காய்ந்த பழைய வேட்டித் துணியைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையில் இருக்கிறது? அரசு மருத்துவமனையில் பெறுகிறவர்களுக்குக் குழந்தைப் பெட்டகம் 2015-லேயே வந்துவிட்டது. உனக்கு என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போ.

எதையுமே வாங்காதே என்றா சொல்கிறேன்? இல்லை! முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி வாங்கு. அளவான, இறுக்காத உள்ளாடை வாங்கு. பிரசவத்துக்குப் பிறகு வேண்டிய பெரிய நாப்கின் வாங்கு. வழுக்காத செருப்பு வாங்கு. கடைசி மாதங்களில் ஒருக்களித்துப் படுக்கும்போது கால்களுக்கு நடுவில் வைக்க ஒரு தலையணை வேண்டும். வீட்டுத் தலையணையே போதும். இவற்றுக்குச் செலவழிக்கத் தயங்காதே. "எனக்கு எதுக்கு, பிள்ளைக்கு வாங்குவோம்" என்று உன்னை நீயே ஒதுக்காதே!

இனி, நீ வாய்விட்டுச் சொல்லாத ஒன்று.

"போன தடவை தங்கவில்லை. அதனால்தான் இந்தத் தடவை எதையும் விடப் பயமாக இருக்கிறது."

கேள், தங்கச்சி. ஆரம்ப மாதங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் காரணம், கருவின் குரோமோசோமில் நேர்ந்த கோளாறு. எந்தப் பவுடரும், எந்த எண்ணெயும், எந்தப் பெல்ட்டும் அதைத் தடுத்திருக்காது. நீ எதையோ வாங்காமல் விட்டதால் அது போகவில்லை. நீ மாடி ஏறியதால் போகவில்லை. உன்மேல் யாராவது பழி போட்டிருந்தால், அவர்கள் சொன்னது தவறு. அந்தப் பழியை நீ சுமக்காதே! அந்த வலியைக் காட்டி உன்னிடம் ஒரு பொருளை நீட்டுகிறவனை நம்பாதே!

வீட்டிலேயே இதயத் துடிப்புக் கேட்கும் கருவியை வாங்கலாமா என்று தேடிக்கொண்டிருக்கிறாய். எனக்குப் புரிகிறது. ஆனால் வேண்டாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-லேயே அதை வீட்டில் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தது. பழக்கமில்லாத கையில் அது உன் நாடித் துடிப்பையே பிள்ளையின் துடிப்பாகக் காட்டிவிடலாம். "சத்தம் கேட்கிறதே, பரவாயில்லை" என்று நீ வீட்டிலேயே இருந்துவிடுவாய். அந்த நிம்மதிதான் ஆபத்து!

உன்னிடம் அதைவிட நல்ல கருவி இருக்கிறது. உன் உடம்பு! ஐந்தாம் மாதத்தை ஒட்டி அசைவு தெரிய ஆரம்பிக்கும். ஏழு மாதம் தாண்டியதும் தினமும் கவனி. பிள்ளை எப்போது துள்ளும், எப்போது தூங்கும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? அசைவு குறைந்தது போல் தோன்றினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணு. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லையா? அல்லது எண்ணுவதற்கு முன்பே மனசுக்குச் சரியாகப் படவில்லையா? கிளம்பு!

"சும்மா பயந்துகிட்டு வந்துட்டியா என்று திட்டுவார்களோ?" திட்டட்டும்! "ராத்திரி ரெண்டு மணிக்கு மாமியாரை எழுப்புவதா?" எழுப்பு! கணவரை எழுப்பு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு, 108-ஐக் கூப்பிடு. ரத்தம் பட்டாலும், தண்ணீர் உடைந்தாலும், தலைவலி மண்டையைப் பிளந்து கண் மங்கினாலும் இதேதான். விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. போய்ச் சொல்: "பிள்ளை அசைவு குறைஞ்சிருக்கு. இப்பவே பாருங்க." பார்க்கும் வரை அந்த இடத்தை விட்டு நகராதே!