மழை யார் பக்கம்?

சிவகாசி வட்டாரத்தில் மேகம் கறுத்தால் முதலில் அண்ணாந்து பார்ப்பவர் உழுது பிழைக்கிற சம்சாரி அல்ல, பட்டாசு ஆலையின் போர்மேன். வெயிலில் காய்கிற மருந்தை எடுத்துவிடுவதா, இன்னும் சற்று விட்டுவைப்பதா என்று அவர்தான் சொல்லியாக வேண்டும். தூறல் பட்டால் சரக்கு வீணாவதோடு போகாது. நனைந்த அலுமினியப் பொடிக் கலவை உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்ளவும் கூடும். இடி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஆட்கள் அறைகளை விட்டு வெளியே வர வேண்டும். எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கம் மழை வருகிறது என்பது ஒரு வீட்டில் நல்ல சேதி, அடுத்த வீட்டில் கெட்ட சேதி.

தீப்பெட்டியும் பட்டாசும் இந்த மண்ணில் வேர் பிடித்ததே மழை ஏமாற்றியதால்தான். 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழிலுக்கு, குச்சியும் காகிதமும் மருந்தும் காய்வதற்கு ஒரு வானம் வேண்டியிருந்தது. அது இங்கே இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பாதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களின் வறண்ட காற்று மானாவாரிச் சம்சாரியைக் கடனில் தள்ளியது. ஆலைக்கோ அதுவே முதலாகிப் போனது. பாட்டன் காலத்தில் சாமிக்கு மழைக்கஞ்சி ஊற்றிய தெருவில், பேத்தி "இன்னைக்கு மட்டும் பெய்யாம இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறுகிறாள்.

நான் ஓர் ஆலையில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு மாதச் சம்பளம். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் என் தொகை மாறாது. ஆகவே மேகத்தை ரசிப்பது எனக்கு எளிது. எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சன்னல் வழியே மழையை ரசிப்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. ஒருவர் பிழைக்கிற பிழைப்பு, அவர் எதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம் என்பது வரைக்கும் வந்து கையெழுத்துப் போடுமா? இந்தக் கேள்வி ஆலைக்குள் இருக்கையில் வருவதில்லை. தீபாவளி கழிந்து சைக்கிள் மிதிக்கையில்தான் வருகிறது.

தீபாவளி முடிந்தால் எங்களுக்கு விடுமுறை. ஊரெல்லாம் வெடித்து ஓய்ந்த பிறகுதான் வெடி செய்தவர்களுக்கு ஓய்வு. போனஸில் துணி எடுத்தாயிற்று, கடனில் கொஞ்சம் அடைத்தாயிற்று. நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டு மறுபடி தொடங்கும்வரை சில வாரங்கள் கிடைக்கும். சொல்லிவைத்தாற்போல் அப்போதுதான் பருவமழை பிடிக்கும். வருஷத்தில் அந்தச் சில வாரங்களில்தான் மழை எவருடைய கூலியையும் தொடுவதில்லை.

மகனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த விலையில்லா சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பிவிடுவேன். கேரியரில் மூட்டை இல்லை, பின்னால் ஆள் இல்லை, ஐம்பதைத் தொட்டவன் சும்மா சைக்கிள் மிதித்துப் போவது ஊருக்குப் பொறுக்காது. "வண்டி என்னாச்சு?", "பெட்ரோல் போட மறந்துட்டீகளா?" என்று ஆளுக்கொரு கேள்வி. சுகர், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் உடனே தலையாட்டி வழிவிடுவார்கள். நோய்க்கு இருக்கிற மரியாதை ஆசைக்குக் கிடையாது. ஜப்பானிலோ ஆசைக்கென்றே பிவா ஏரியை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சைக்கிளிலேயே சுற்றி வருவதற்கென்று வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். இலை நிறம் மாறும் காலம் அதற்கு விசேஷம். எங்கள் ஐப்பசியில் இலை உதிர்வதில்லை. புல்லே அப்போதுதான் முளைக்கிறது.

ஊரைத் தாண்டியதும் சாலையோரம் மக்காச்சோளமும் பருத்தியும். நடுநடுவே வேலி போட்ட பொட்டல்களில் எட்ட எட்ட நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஒன்று போனாலும் அடுத்தது நிற்கட்டும் என்று இடைவெளி விட்டுக் கட்டியவை. பூட்டிக் கிடக்கும்போது அவற்றைச் சுற்றிக் கோரை முளைத்திருக்கும். ரெங்கபாளையத்தை நினைக்காமல் இந்தப் பக்கம் யாரும் போக முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று நடந்த வெடிவிபத்தில் அங்கே பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. அந்த வருஷ விடுமுறை எங்களுக்குத் துக்க வீடுகளுக்குப் போய்வருவதில் கழிந்தது. சைக்கிளை எடுக்கவில்லை.

கிருஷ்ணன்கோவிலில் மதுரைச் சாலையைக் கடந்து வத்திராயிருப்புப் பாதையில் திரும்பினால் நிறம் மாறத் தொடங்கும். கரிசல் பின்தங்கும், தென்னை முன்னால் வரும். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை, சதுரகிரி உச்சியில் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும். 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. அதன் அடிவாரத்தில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சிவகாசியில் பிறந்து வளர்ந்த பலர் பார்த்ததேயில்லை. பெரியாறு அணை, கோவிலாறு அணை என்று பிளவக்கல்லில் இரண்டு உண்டு. ஒன்று 47 அடிச் சொச்சம் உயரம், மற்றது 42 அடிச் சொச்சம். அவற்றை நம்பி நாற்பது கண்மாய்கள். 2025 ஜூனில் பக்கத்துக் கூமாபட்டியைப் பற்றிய ஒரு வீடியோ தமிழ்நாடெங்கும் ஓடியது நினைவிருக்கலாம். ஏதோ தீவு என்று நம்பிக் காரில் வந்தவர்கள், அணைக்குள் இறங்க அனுமதியில்லை என்று திரும்பினார்கள். கார்த்திகையில் வந்து கண்மாய்க் கரையில் நின்றிருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள். ஆனால் வீடியோ வந்தது ஜூனில்.

கண்மாய் என்பது தனியாகப் பார்க்க வேண்டிய பொருள் அல்ல. மலையிலிருந்து வரத்துக்கால் வழியே வரும் தண்ணீர் முதல் கண்மாயை நிரப்பும். நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்தது. மேல்கண்மாய்க்காரன் கலுங்கில் ஒரு முழம் மண்ணை உயர்த்தினால் கீழ்க்கண்மாயில் நாற்று காயும். இந்தக் கணக்குக்காக வெட்டுக்குத்து நடந்திருக்கிறது, சமாதானமும் நடந்திருக்கிறது. வயலுக்குப் போய் மிஞ்சியதும் மலையிலிருந்து நேராக வருவதும் அர்ச்சுனா நதியாகக் கிழக்கே ஓடி, ஆனைக்குட்டம் அணையைத் தொட்டு, வைப்பாற்றில் சேர்கிறது. காரில் போகிறவனுக்கு இது தெரியாது. சைக்கிளில் போகிறவனுக்கு முழங்காலில் தெரியும். அணை வரைக்கும் சாலை ஏறிக்கொண்டே போகும், கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த ஏற்றத்தில்தான் தண்ணீர் இறங்கி வருகிறது.

கடைசித் தடவை போனபோது ஒரு மடையருகில் பெரியவர் ஒருவர் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கண்மாய் முக்கால்வாசி. முக்குளிப்பான்கள் முங்கி முங்கி எழுந்தன. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"பட்டாசா?"

"ஆபீஸ்ல கணக்கு, ஐயா."

"எங்க மருமகளும் வேன்லதான் வருது." மண்வெட்டியை மடியில் மாற்றி வைத்துக்கொண்டார். "புரட்டாசியில மழை பெய்யலையேன்னு நான் வானத்தப் பார்க்கேன். பெஞ்சிருமோன்னு அது பார்க்குது. ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புலதான் சோறு."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீசன் நேரத்தில் நாலு நாள் மழை பிடித்தால் என்ன நடக்கும் என்பது என் நோட்டில் தெரியும். அந்த நாலு நாளுக்குக் கூலிப் பத்தியில் வெறும் கோடுதான். ஐந்தாம் நாள் வெயில் அடித்ததும், போனதைப் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் வேகம் கூட்டுவார்கள், அலுவலகமும் சேர்த்துத்தான். அந்த ஐந்தாம் நாளைக் கண்டுதான் எனக்குப் பயம். மழை நாளுக்குப் பாதிக் கூலியாவது கொடுத்தால் அவசரம் குறையும். மேகத்தைப் பார்த்து வயிறு கலங்குவதும் குறையும். இதைச் சொன்னால் முதலாளிகள் தாங்காது என்பார்கள். 2018 அக்டோபரில் பேரியத்துக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு தொழில் எப்படித் தடுமாறுகிறது என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். தடுமாறுவது உண்மைதான். ஆனால் அந்தத் தடையை அடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தனவே, அப்போது வெயில் கொட்டிக் கிடந்தது, கூலிதான் இல்லை. அந்த மாதங்களில் எந்தப் பெண்ணும் மேகத்தைத் திட்டி நான் கேட்கவில்லை. அதன்பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களுக்கு மழையோடு பகை கிடையாது. வேலை இல்லாத நாளின் நஷ்டம் முழுவதையும் எடுத்து, இருக்கிறவர்களிலேயே கையில் காசு குறைந்தவர் தலையில் வைக்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் மழையின் பெயரில் எழுதிவருகிறோம். எழுதுகிற கை என்னுடையது.

பாதிக் கூலி யோசனையைப் பெரியவரிடமும் சொன்னேன். "யாரு குடுப்பா?" என்றார். அதற்குமேல் அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. மடைப்பலகையை ஒரு விரற்கடை தூக்கிவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தார்.

"எப்பத் திறக்குறாங்க?"

"இன்னும் முகூர்த்தம் வைக்கலை, ஐயா."

"வச்சதும் ஒரு போன் போட்டுச் சொல்லு தம்பி. மருமக கேட்டுக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள இன்னும் ரெண்டு மழை பெஞ்சிட்டா எனக்கும் பத்தும்."

நம்பரைக் குறித்துக்கொண்டு கிளம்பினேன். காற்று எதிரே அடித்தது. கிருஷ்ணன்கோவில் வரைக்கும் பாதி தூரம் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.