சொல்லாமல் விட்டது

பொய் சொல்வது பாவம் என்று சிறு வயதிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். சொல்லாமல் இருப்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு, வாயை மூடிக்கொண்டு இருப்பவன் புத்திசாலி என்று பெயர் வேறு வாங்கி விடுகிறான். நானும் அப்படிப் பெயர் வாங்கியவன்தான். சென்ற வருஷம் பனமரத்துப்பட்டியில் ஒரு மாலைப் பொழுதில் அந்தப் புத்திசாலித்தனம் எனக்குக் கசந்து போயிற்று.

சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற ஊர் அது. அந்த ஊர் ஏரித் தண்ணீரைத்தான் ஒரு காலத்தில் சேலம் நகரமே குடித்தது. இப்போது ஊருக்குப் பெயர் வாங்கித் தருவது அரளிப் பூ. கண்ணுக்கெட்டிய தூரம் அரளித் தோட்டங்கள். அரளி விஷச் செடி என்பது அங்கே நடை பழகும் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆடு அதை மோந்து பார்த்து விட்டு அப்பால் போய்விடுகிறது. விஷந்தான், ஆனால் பாட்டிக்குப் பாட்டி சொல்லி வந்த விஷம். அதனோடு எப்படிப் பழகுவது என்பதும் செடியோடு சேர்ந்தே அந்த ஊருக்கு வந்து விட்டது. ஆகையால் தைரியமாகப் பயிரிட்டு, பறித்து, மாலை கட்டிச் சாமிக்குப் போடுகிறார்கள்.

என் நண்பர் ஒருவருக்கு அங்கே மாட்டுத் தீவனக் கிடங்கு இருக்கிறது. மூட்டைகளை அடுக்கிய பலகையை அப்படியே தூக்கி நகர்த்துகிற சிறு பேட்டரி வண்டி ஒன்று வாங்கியிருந்தார். அதில் இருந்த லித்தியம் பேட்டரியை ஆள் ஒருவன் கழற்றி மாட்டும்போது கீழே போட்டு விட்டான். மூலை நசுங்கிற்று. சில நாளில் ஒரு பக்கம் அஜீரணக்காரன் வயிறு மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. நண்பர் வேறு பேட்டரி வாங்கி மாட்டி விட்டு, பழையதைத் தகரக் கூரைக்கு அடியில், காலிச் சாக்குகளின் மேல் வைத்து விட்டார். அங்கேயே அது ஒரு கோடையைக் கழித்தது.

நான் போயிருந்த அன்று பழைய இரும்புக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்தார். வயது அறுபதுக்குக் குறையாது. உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த கம்பி எல்லாம் எடை போட்டு முடிந்த பிறகு நண்பர் அந்தப் பேட்டரியையும் எடுத்து வந்தார்.

"இது ஈயமுங்களா?" என்று கேட்டார் கிழவர்.

"ஈயம் இல்லீங்க. புது மாதிரி."

"செத்துப் போச்சுங்களா?"

"அது எப்பவோ செத்துப் போச்சு. போட்டதைக் குடுங்க."

நூற்றைம்பது ரூபாய் கை மாறிற்று. கிழவர் அதைச் சாக்கில் போட்டார். அதே சாக்கில்தான் கம்பித் துண்டுகளும் இருந்தன. கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். நான் காப்பி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும். அதுதான் விஷயம். 2024 ஜூன் 24-ம் தேதி தென் கொரியாவில், ஹ்வாசொங் என்ற ஊரில், லித்தியம் பேட்டரித் தொழிற்சாலை ஒன்று எரிந்ததைப் பத்திரிகைகளில் ஒரு வரி விடாமல் படித்தவன் நான். ஒரே ஒரு பேட்டரியில் புகை கிளம்பிற்று. அந்த மாடியில் மட்டும் சுமார் 35,000 பேட்டரிகள் அடுக்கியிருந்தன. முக்கால் நிமிஷத்துக்குள் அறை முழுவதும் புகை. இறந்தவர்கள் 23 பேர். அவர்களில் 18 பேர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தாங்கள் கையாளுகிற பொருள் என்ன செய்யும், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்பதெல்லாம் அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று விசாரணையில் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் முதலாவது கோர்ட்டு முதலாளிக்குப் பதினைந்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் யாரையும் கையால் கொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, செய்ய வேண்டியதைச் செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"செத்துப் போச்சு" என்ற வார்த்தையைப் பாருங்கள். நமக்கு உழைப்பதை நிறுத்திய எதையும் நாம் செத்ததாகச் சொல்லி விடுகிறோம். வண்டியை இழுக்க மாட்டேன் என்று அந்தப் பேட்டரி மறுத்தது வாஸ்தவம். அதனால் அதற்குள் சக்தி இல்லை என்று ஆகிவிடுமா? உள்ளே நேர் முனைக்கும் எதிர் முனைக்கும் நடுவில் இருப்பது தலைமயிரை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. சுற்றிலும் எரியக் கூடிய திரவம். நசுங்கினாலோ, குத்துப்பட்டாலோ, அளவு மீறிச் சூடேறினாலோ அந்தச் சவ்வு கிழிந்து இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளும். ஒரு அறை கொதித்தால் பக்கத்து அறையும் கொதிக்கும். அது அடுத்ததைக் கொதிக்க வைக்கும். நெருப்பை அணைத்து விட்டோம் என்று வீட்டுக்குப் போன பிறகு, மறுநாள் மறுபடியும் பற்றிக்கொள்வதும் உண்டு. புகையோ நுரையீரலை அரிக்கும் புகை. இப்படிப்பட்ட பேட்டரியைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காக மூன்று பேருக்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், உலகத்தையே மாற்றிய பொருள். ஆனால் அரளியைப் போல அதற்குப் பாட்டி இல்லை. அதைப் பற்றிச் சொல்லி வைக்க யாரும் முன்னால் பிறந்திருக்கவில்லை. தெரிந்தவன் எவனோ அவன்தான் பாட்டி.

2022 மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டு வைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். அதற்கு அப்புறமும் நமக்கு இது தூரத்துச் செய்தி என்று சொல்ல முடியாது.

கிழவரின் மொபெட் கிளம்பிப் போன பிறகு என் மனம் வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தது. பேட்டரி என்னுடையதா? இல்லை. விற்றது நானா? இல்லை. கிழவர் கேட்ட கேள்விக்கு யாராவது பொய் சொன்னார்களா? அதுவும் இல்லை, நண்பர் நிஜமாகவே அது செத்துப் போயிற்று என்றுதான் நம்பினார். அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் வியாபாரத்தைக் கெடுப்பது மரியாதையா?

இந்த வழக்கு பழைய வழக்கு. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் ரோமாபுரியில் சிஸரோ, கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலில் இதை எடுத்துக்கொண்டு மல்லாடியிருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியக் கப்பலோடு ஒரு வியாபாரி முதலில் வந்து சேருகிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? இன்னொருவன் வீடு விற்கிறான். படுக்கையறைகளில் பாம்பு வருவது அவனுக்கு மட்டும் தெரியும். டயோஜெனீஸ் என்ற தத்துவஞானி, சட்டம் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும், சொல்லாதிருப்பது வேறு மறைப்பது வேறு என்று வாதிக்கிறார். அவருடைய சீடர் ஆன்டிபேட்டர், வாங்குகிறவனுக்கு எதையும் ஒளிக்கக் கூடாது என்கிறார். சிஸரோ சீடர் பக்கம். நமக்கு லாபம் வேண்டும் என்பதற்காக, அடுத்தவன் அறிந்துகொள்ள வேண்டியதை அறியாமல் இருக்கட்டும் என்று நினைப்பதுதான் மறைப்பது என்பது அவர் தீர்ப்பு.

இதைப் படித்த காலத்தில் எனக்கு ஒரு திருப்தி. நான் வியாபாரி அல்லவே! ஆனால் அன்று மாலை எனக்கும் ஒரு லாபம் இருந்தது. யாருடைய முகமும் கோணாமல் இருந்தது பாருங்கள், அதுதான் என் லாபம். நூற்றைம்பது ரூபாயை விட அது பெரிய தொகை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நண்பரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"நான் என்னங்க பண்ணியிருக்கணும்? குப்பையில போடறதா? இல்லே, ஏரியில எறியறதா? வித்தவனுக்கு மூணு தடவை போன் பண்ணினேன். 'ஆள் அனுப்பறோம்'னான். ஒரு ஆளும் வரலை" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. 2001-ல் வந்த விதிகள் ஈய பேட்டரியைப் பற்றி மட்டுமே பேசின. 2022 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் கொண்டு வந்த விதிகள் லித்தியத்தையும், தொழிற்சாலைப் பேட்டரிகளையும் சேர்த்துக்கொண்டன. தயாரித்தவனே பழையதைத் திரும்பச் சேகரித்து, உருக்கிப் பிரிக்கிறவனிடம் சேர்க்க வேண்டும். வாங்கினவன் அதை மற்றக் குப்பையோடு கலக்கக் கூடாது. பேட்டரியின் மேல் குறுக்குக் கோடு அடித்த குப்பைத் தொட்டிப் படம் இருக்கும். அதற்கு அர்த்தம் இதுதான். சட்டம் நன்றாகவே இருக்கிறது. சேலத்திலிருந்து பனமரத்துப்பட்டி வரை வருவதற்கு அதற்கு வண்டி கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் மொபெட்டில் வந்து போகிறவர் அந்தக் கிழவர்.

மறுநாள் காலையில் விசாரித்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். ஓலைச் சார்ப்பு, நாலு பக்கமும் இரும்பு, அட்டை, பழந்துணி.

"அதுங்களா? நேத்து ராத்திரியே லாரியில ஏத்தி உட்டாச்சுங்களே" என்றார்.

"எங்கே போகும்?"

"பெரிய கடைக்குப் போகுமுங்க. அங்கிருந்து எங்கே போகுமோ, யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். உப்பினதைச் சாக்கில் கட்டக் கூடாது, கம்பியோடு சேர்க்கக் கூடாது, சுத்தியலால் உடைக்கவே கூடாது என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

"இது நேத்தே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய், மூலையில் அட்டைக் குவியலுக்கு அடியிலிருந்து மருந்து தெளிக்கும் இயந்திரத்தின் பேட்டரிகள் இரண்டைக் கொண்டு வந்தார். "அப்போ இதை என்ன செய்யறது?" என்றார். முனைகளில் டேப் ஒட்டினோம். பழைய பெயிண்ட் டின் ஒன்றில் காய்ந்த மணலைப் போட்டு, அவற்றை ஒன்றோடொன்று தொடாமல் வைத்து, கடையை விட்டு எட்டத்தில் வேப்ப மர நிழலில் கொண்டு போய் வைத்தார். வைத்து விட்டு ஒரு பையனைக் கூப்பிட்டு, எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். அந்த லாரியின் நம்பர் அவருக்குத் தெரியவில்லை.