நம் பிள்ளைகளின் மனுவும் நமது சாட்சியும்

சர்வகலாசாலையில் இடம் கேட்டு மனுப் போடுகின்ற ஒரு மாணவன் தன்னைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிக்கொள்ளலாமா? குறையை மறைக்கலாமா? இல்லாததைச் சேர்க்கலாமா? இம்மூன்றும் ஒன்றா, வேறு வேறா? இதைச் சற்று நின்று யோசித்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுத முற்படுகின்றோம். நாம் பெரிய படிப்புப் படித்தவர் அல்லோம். மதரஸாவும், ஆரம்பப் பள்ளியும், அதன்பின் கடையுந்தான் நமக்குக் கல்வி தந்தவை. ஆயினும், சரக்கைப் பற்றி வாங்குவோரிடம் எடுத்துச் சொல்வது நமது அன்றாடத் தொழிலாதலால், இவ்விஷயத்தில் ஒரு வியாபாரி சொல்வதற்கும் ஏதோ இருக்கக்கூடும்.

முற்காலத்தில் காரியம் எளிதாயிருந்தது. 1885-ல் ஏற்பட்ட குயின்ஸ் ஸ்காலர்ஷிப் என்னும் உபகாரச் சம்பளம் போட்டிப் பரீட்சையின் மூலம் கொடுக்கப்பட்டது. 1896-ல் அதனை வென்றவர் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் மாணவரான ஊ லியன் தே. இவ்வூர்ப் பொற்கொல்லர் ஒருவரின் மகன் அவர். கேம்பிரிட்ஜ் சென்று வைத்தியம் பயின்றார். 1910–11-ல் மஞ்சூரியாவில் பிளேக் நோய் பரவியபோது அதனை அடக்கும் பணிக்குத் தலைமை தாங்கி உலகமெங்கும் பெயர் பெற்றார். 1960-ல் பினாங்கிலேயே மறைந்தார். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு ஊரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. அவருக்காக அன்று பேசியது அவருடைய விடைத்தாள்.

இன்று விடைத்தாள் மட்டும் பேசினால் போதாது. சர்க்கார் சர்வகலாசாலைகளுக்கு யூ.பி.யூ. என்னும் பொது ஏற்பாட்டின் வழியாக மனுச் செய்கின்ற பிள்ளைகளுக்கு, பரீட்சைத் தேர்ச்சிக்கு 90 பங்கும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 பங்கும் வைத்துத் தகுதிப் புள்ளி கணக்கிடுகிறார்கள். சீருடை அணி, சங்கம், விளையாட்டு என்ற மூன்றிலும் பிள்ளை சேர்ந்திருக்க வேண்டும். வருகை எத்தனை, வகித்த பதவி எது, போட்டியிட்டது பள்ளி அளவிலா, மாவட்ட அளவிலா, மாநில அளவிலா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. மருத்துவம், ஆசிரியப் பயிற்சி போன்றவற்றுக்கு நேர்முகத் தேர்வும் இருக்கிறது. உபகாரச் சம்பளம் கொடுக்கும் ஸ்தாபனங்களும் வெளிநாட்டுக் கலாசாலைகளும் இன்னும் ஒரு படி மேலே போய், நீ யார், ஏன் இதைப் படிக்க விரும்புகிறாய் என்று கட்டுரை கேட்கின்றன. உன்னை அறிந்தவரிடமிருந்து நற்சாட்சிக் கடிதம் கொண்டுவா என்கின்றன. அறிவைச் சோதித்த காகிதம் இப்போது ஆளைச் சோதிக்கிறது. ஆளைப் பற்றிச் சொல்வது என்றாலே மெய், பொய் என்ற பேச்சு கூடவே வந்துவிடுகிறது.

இடையில் ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். பரீட்சையில் மலாய் மொழியும் சரித்திரமும் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. சர்க்கார் சர்வகலாசாலைக்கு மலாய் மொழியில் வெறும் தேர்ச்சி போதாது, கிரெடிட் வேண்டும். கணக்கிலும் சயின்ஸிலும் புலியாயிருந்து இதில் கவிழ்ந்த பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம்.

இந்த 10 பங்கில்தான் நம்மவருக்குச் சங்கடம். பள்ளி விட்டதும் திடலுக்குப் போகாமல் நேரே கடைக்கு வரும் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை. மிளகாய் நிறுப்பான், ரசீது எழுதுவான், அத்தா தொழப் போகும்போது கல்லாவில் உட்காருவான். பதின்மூன்று வயதில் பொறுப்பு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மாநில அளவில் பந்து எறிந்தவனுக்குப் புள்ளி உண்டு. ஐந்து வருஷம் ஒரு வெள்ளி குறையாமல் கல்லாவை ஒப்படைத்தவனுக்கு ஒன்றுமில்லை. இது நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் என்று நாம் சொல்லமாட்டோம்.

இந்தச் சங்கடத்தோடுதான் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். மகன் நன்றாகப் படிப்பவன். உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போடுகிறான். அவன் இரண்டு வருஷம் சங்கத்தின் வாலிபர் பிரிவில் செயலாளராக இருந்தான் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார். அவன் அப்படி இருந்ததில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். “அண்ணே, இதனால் யாருக்கு நஷ்டம்? நம் பிள்ளை ஒருவன் மேலே வருவான், அவ்வளவுதானே!” என்றார். அவர் கெட்டவர் அல்லர். தராசில் ஒரு மிளகு குறைந்தாலும் மேலே ஒரு பிடி அள்ளிப் போடுகிற மனிதர். அப்படிப்பட்டவர் கடிதத்தில் மட்டும் கை நடுங்காமல் கேட்டதுதான் நம்மை யோசிக்க வைத்தது.

யாருக்கு நஷ்டம் என்ற அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, வாங்குவோர் கண்ணில் படும்படி அதை மேலே வைக்கலாகாதா என்று கேட்ட வரலாறு நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மழை நனைத்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்ததுதான் குற்றம். வியாபாரத்திலாவது சரக்கில் பழுது கண்டால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். ஷரீஅத் அந்த உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. நமது பொய்க் கடிதத்தால் ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே நிற்கிறது. அது பட்டர்வொர்த்தில் ஒரு மலாய் மீனவர் மகளாயிருக்கலாம், தோட்டப்புறத்துத் தமிழ்ப் பையனாயிருக்கலாம். தன் இடம் எப்படிப் போயிற்று என்று அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது. திருப்பிக் கேட்க வழியே இல்லாத நஷ்டம் அது. அளவில் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. படிவமும் ஓர் அளவை என்பதை நாம் ஏன் மறக்கிறோம்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. “பழக்கடைக்காரன் நல்ல பழத்தை முன்னால் அடுக்குவதில்லையா? மனு என்றாலே தன்னை எடுத்துச் சொல்வதுதானே? ஈரத்தை மேலே வை என்றால், பிள்ளை தன் குற்றங்குறையை எல்லாம் முதல் வரியிலே எழுதவேண்டுமா?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. இதை ஒதுக்கிவிட முடியாது.

கிராம்பு வியாபாரம் செய்வோருக்கு இது விளங்கும். கிராம்பைப் பொறுக்கித் தரம் பிரித்து, முதல் தரம் என்று எழுதி, கூடுதல் விலைக்கு விற்பதில் பாவமில்லை, அது உழைப்பு. எண்ணெய் எடுத்த கிராம்பைக் கலந்துவிட்டு முதல் தரம் என்று எழுதினால்தான் ஹராம். பொறுக்குவது வேறு, கலப்பது வேறு. பிள்ளை தான் செய்தவற்றுள் நல்லதைப் பொறுக்கி முன்னே வைக்கட்டும். தெளிவாக, நல்ல மொழியில் எழுதட்டும். கூச்சத்தால் பாதியை விழுங்கிவிடுவது அடக்கமாகாது. கேட்பவருக்குச் செய்தி போய்ச் சேராது, அவ்வளவுதான். நம் பிள்ளைகளில் பலர் இந்தக் கூச்சத்தினாலேயே தோற்கிறார்கள்.

குறையைப் பற்றி என்ன? மூன்றாம் படிவத்தில் சண்டை போட்டு ஒரு வாரம் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவன் அதை எழுதவேண்டுமா? தன் பிழையைத் தானே பறைசாற்றித் திரியலாகாது என்பதும் நமக்குப் போதிக்கப்பட்டதுதான். ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது: கேட்டால் மறைக்கக்கூடாது, கேட்காதபோது, ஆறிப்போன புண்ணைக் கீறிக் காட்ட வேண்டியதில்லை. வாங்குவோருக்குப் பாதகம் செய்கிற பழுதைத்தான் சொல்லும் கடமை உண்டு. வைத்தியப் படிப்புக்கு மனுப் போடுபவன் ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவான் என்றால், அதை மறைப்பது ஈரத் தானியத்தை அடியில் வைப்பதுதான்.

2019 மார்ச் மாதம் அமெரிக்காவில் வெளிப்பட்ட மோசடியை இங்கே நினைக்கவேண்டும். வில்லியம் சிங்கர் என்னும் தரகர், செல்வந்தர் பிள்ளைகளைப் புகழ்பெற்ற கலாசாலைகளில் சேர்க்க, ஆடாத விளையாட்டில் அவர்களை வீரர்களாகக் காட்டி, பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்தார்; பரீட்சை விடைகளையும் திருத்த ஏற்பாடு செய்தார். 50 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். மகளின் பரீட்சைக்காக 15,000 டாலர் கொடுத்த ஃபெலிசிட்டி ஹஃப்மன் என்னும் நடிகைக்கு 14 நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. தரகருக்கு 2023-ல் மூன்றரை வருஷம். அந்த மகளுக்குத் தாயார் செய்தது தெரியாது. தெரிந்தபோது அவள் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. உள்ளபடி நீ போதாதவன் என்று பெற்றவரே நினைத்தார் என்பதை ஒரு பிள்ளை அறிய நேர்ந்தால், அந்தக் காயத்தை எந்தப் பட்டம் ஆற்றும்?

கட்டுரை விஷயமும் இப்போது மாறிவிட்டது. கணினியிடம் கேட்டால் நொடியில் பக்கம் பக்கமாக எழுதித் தருகிறது. முன்னாளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிறரைக் கொண்டு மனு எழுதுவித்தார்களே என்பர் சிலர். மெய்தான். ஆனால் எழுதியவர் கையெழுத்தும் நடையும் கொடுத்தார், விஷயம் சொன்னவருடையது. இயந்திரம் எழுத்துப்பிழை திருத்தித் தந்தால் அது அந்தப் பழைய உதவிதான். பிள்ளை காணாத பாட்டியின் கண்ணீரையும் பிள்ளைக்கு இல்லாத கனவையும் அது கற்பித்துத் தந்தால், மனுப் போட்டது பிள்ளையல்ல, வேறு யாரோ.

இன்னொரு கட்டமும் உண்டு. ‘இனம்’ என்பது அதன் பெயர். மெட்ரிகுலேஷன் இடங்களில் நூற்றுக்கு 90 பூமிபுத்ராக்களுக்கு என்றிருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமன்று. அரசியல் சட்டத்தின் 160-ஆம் பிரிவு மலாய்க்காரர் யார் என்பதை மார்க்கம், மொழி, வழக்கம் ஆகியவற்றைக் கொண்டும் கூறுகிறது. தலைமுறைகளாகக் கலந்து, வீட்டில் மலாய் பேசி வாழும் குடும்பத்தார் அவ்விதம் எழுதினால் அதைப் பொய் என்று சொல்ல நமக்கு நாவெழாது. வீட்டில் தமிழும் கடையில் தமிழுமாக இருந்துகொண்டு, படிவம் வந்த அன்று மட்டும் வேறாகிவிடுவது எப்படி என்பதைத் தத்தம் மனத்தைக் கேட்டுக்கொள்ளவேண்டும். நம் வீட்டில் இந்தியர் என்றே எழுதினோம். 2024-ல், எஸ்.பி.எம்.-இல் 10 ஏ பெற்றோருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தது நம் பிள்ளைகளுக்கு ஒரு வாசல்.

அந்தத் தகப்பனாருக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அவர் கேட்ட கடிதத்தை எழுதவில்லை. சாட்சி என்பது கண்டதைச் சொல்வது. காணாததைச் சொன்னால் அதற்கு வேறு பெயர். கண்டதை எழுதினோம். பையன் எந்த வயதிலிருந்து கடைக் கணக்கைப் பார்க்கிறான், ரமலான் மாதக் கூட்டத்தில் எத்தனை மணிவரை நிற்கிறான், மொத்த வியாபாரி ஒருவர் தவறிக் கூடுதலாக அனுப்பிய இரண்டு மூட்டைச் சர்க்கரையைத் தானே கண்டுபிடித்துத் திருப்பியனுப்பினான் என்பதை எல்லாம் நாள், மாதம் குறித்து ஒரு பக்கத்துக்கு எழுதினோம். பெரிய பெரிய புகழ்ச்சொற்கள் அதில் கிடையா. தகப்பனாருக்கு மனம் ஆறவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு ஸலாம் மட்டும் சொல்லிப் போனார். அந்த உபகாரச் சம்பளம் பையனுக்குக் கிடைக்கவுமில்லை. நாம் எழுதியது போதாததாலா, வேறு காரணத்தாலா என்று யாரும் சொல்லவில்லை. கடைத்தெருவில் நம்மைக் காணும்போது அவர் இன்றும் சற்று முகம் திருப்பிக்கொள்கிறார். பையன் திருப்புவதில்லை; இப்போது வேறொரு கலாசாலையில் கணக்கியல் படிக்கிறான்.

பிள்ளைக்குக் கடிதம் இல்லாமற் போனதற்குப் பிள்ளை பொறுப்பல்ல. அவனைக் கடையில் நிறுத்தியவர் நாம். ஐந்தாம் படிவத்தின் கடைசியில் சான்றிதழ் தேடி அலைவதைவிட, நான்காம் படிவத்தின் தொடக்கத்திலேயே வாரத்தில் ஒரு மாலை அவனைச் சீருடை அணிக்கும் திடலுக்கும் விட்டுவிடலாம். பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறோம். கடையில் கை குறைகிறது என்று தயங்கும் சகோதரர்கள் அந்த ஒரு மாலைக்குச் சங்கத்தில் சொல்லியனுப்புங்கள். பக்கத்துக் கடைக்காரர் யாரேனும் வந்து இரண்டு மணி நேரம் நிற்பார். நாமும் வரத் தயார்.