அடைக்கலத்துக்கு இரண்டு கதவு வேண்டும்

தீபாவளி வந்தால் நம் இளைஞர்கள் பிள்ளைகள் இல்லங்களுக்குப் போகிறோம். அரிசி மூட்டை, புதுத் துணி, முறுக்கு, ஒரு வேளைச் சாப்பாடு. நல்ல காரியம்தான். ஆனால் இன்னொரு கேள்வியையும் நாம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்: "ராத்திரியில் இந்தக் க்ரில் பூட்டுக்குச் சாவி எங்கே இருக்கும்?"

இது என்ன, பொம்பாக்காரங்க கேட்க வேண்டிய கேள்வியாச்சே என்று தோன்றலாம். எனக்கு இது தர்மத்தைப் பற்றிய கேள்வியாகத்தான் படுகிறது.

2017 செப்டம்பர் 14. கோலாலம்பூர், கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் மேல்மாடி விடுதியில் விடியற்காலையில் தீ. 21 மாணவர்களும் 2 பொறுப்பாளர்களும் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. பின்னால் எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர் இரண்டாவது வழியை மறைத்திருந்தது என்று அப்போதைய அமைச்சரே சொன்னார். தீ வைக்கப்பட்டது என்பது பிறகு தெரிந்தது. வைத்தவன் குற்றம் வேறு. பிள்ளைகளால் வெளியே வர முடியாமல் போனது வேறு.

பினாங்குக்குப் பக்கத்திலேயே, கெடா யான் வட்டாரத்தில் 1989-இல் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்து 27 மாணவிகள் மாண்டார்கள். இது மற்ற மதத்தாரின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள்.

ஏர்வாடியை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. அந்தச் சங்கிலிக்கு என்ன காரணம் சொன்னார்கள்? ஓடிப்போய் எங்கேயாவது விழுந்துவிடக் கூடாது, அவங்க நல்லதுக்குத்தான் என்றார்கள். இல்லத்துக் க்ரில்லுக்கும் இதே காரணம்தான் சொல்வோம்: திருடன் வரக் கூடாது, பிள்ளை ராத்திரியில் வெளியே போகக் கூடாது. காவலுக்குப் போட்ட பூட்டே எமனாகிறது. பூட்டியவர் கெட்டவர் இல்லை. பாசமும் இருந்திருக்கும். அப்படியென்றால் பாசம் மட்டும் போதுமா?

போதாது என்பதே என் பதில். என் வீட்டில் நான் கவனக்குறைவாக இருந்தால், அந்த ஆபத்தை நானே தேர்ந்தெடுத்தேன் என்றாவது சொல்லலாம். இல்லத்துக்கு வரும் பிள்ளை எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. வீட்டையும் அது கேட்கவில்லை, கட்டிலையும் கேட்கவில்லை, பூட்டையும் கேட்கவில்லை. தானாக வெளியேறும் உரிமையை அதனிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டோம். வாங்கியவன் அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? அடைக்கலம் என்றால் உள்ளே வர ஒரு கதவு, ஆபத்தில் வெளியேற இன்னொரு கதவு. இரண்டாவது இல்லாத இடத்தை அடைக்கலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அதெல்லாம் சரி தம்பி, காசுக்கு எங்கே போறது?" என்று நிர்வாகிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி இல்லங்கள் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும்; பொம்பாவின் ஒப்புதலும் வேண்டும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள்: மரத்தளம், குறுகலான ஒரே மாடிப்படி, இருபுறமும் ஒட்டிய சுவர். அப்படிப்பட்ட கட்டடத்தைத் திருத்தப் பணம் நிறைய வேண்டும். கண்டிப்பாக இருந்தால் இல்லத்தை மூடுவார்கள், பிள்ளைகள் தெருவுக்கு வருவார்கள் என்ற பயமும் உண்மை. ஆனால் அந்தப் பற்றாக்குறையின் விலையைப் பிள்ளைகள் தலையில் கட்ட யாருக்கு உரிமை? அதைச் சமுதாயம்தான் சுமக்க வேண்டும். அதாவது, நாம்.

"கடவுள் பார்த்துக்குவார்" என்று இன்னும் சிலர் சொல்வார்கள். கர்மம் என்ற சொல்லுக்கே செயல் என்றுதான் பொருள். நாம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் பலனை ஆண்டவன் மேல் போடுவது பக்தி ஆகாது.

எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும் என்பதும் இல்லை. தீயில் பெரும்பாலும் புகைதான் முதலில் கொல்கிறது. தூங்கும்போது மூக்கு நம்மை எழுப்பாது. புகை அலாரம்தான் எழுப்ப வேண்டும். சின்னப் பிள்ளைகள் அந்தச் சத்தத்திலும் தூங்குவார்கள். பயந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிவார்கள். அதனால் யார் எந்த அறைக்கு ஓடி யாரை எழுப்புவது என்று முன்பே முடிவாகி இருக்க வேண்டும். புகையில் குனிந்து தவழ்ந்து வரவும், வெளியே வந்ததும் ஒரே இடத்தில் கூடி எண்ணிப் பார்க்கவும், 999-ஐ அழைக்கவும் பழக்க வேண்டும். பகலில் மட்டும் பழகினால் போதாது, இருட்டிலும் பழக வேண்டும். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் நாளே வழி காட்ட வேண்டும். சாவி கதவுக்குப் பக்கத்திலேயே, எல்லாருக்கும் தெரிந்த ஆணியில் தொங்க வேண்டும். பூஜையறை விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். இதற்கெல்லாம் எத்தனை ரிங்கிட் ஆகும்?

நம் மரபில் அன்னதானத்துக்கு இணையாக, அதற்கும் மேலாக, அபயதானத்தைச் சொல்வார்கள். பயம் இல்லாமல் வாழக் கொடுப்பது. சாப்பாடு போட்டால் படம் எடுத்து முகநூலில் போடலாம். புகை அலாரம் வாங்கிக் கொடுத்தால் அதன் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுப்பதில்லை. அது வேலை செய்யும் இரவு வராமலே போகலாம். வரக் கூடாது என்றுதான் நாமும் வேண்டுகிறோம். யாரும் பார்க்காத தானத்தைச் செய்ய நமக்கு மனசு வருமா என்பதுதான் சோதனை.

இந்தத் தீபாவளிக்கு அரிசி மூட்டையோடு சில அலாரங்களையும் எடுத்துப் போவோம். பொம்பா நிலையத்தில் பேசி, ஒரு சனிக்கிழமை பயிற்சிக்கு அவர்களை அழைத்து வருவோம். பிள்ளைகளோடு நாமும் தரையில் தவழ்வோம்.