மரத்தின் உச்சியில் மனச்சாட்சி



மழைக்காலம் நெருங்கும்போது கண்டி நகரிலே பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த மரத்தை என்ன செய்வது?" என்பதே அது. நமது நகரம் மலைச்சரிவிலே அமைந்தது. மேல்வீட்டு முற்றத்திலே நிற்கும் பலாமரம், கீழ்வீட்டுக் கூரைக்கு மேலே கொப்பு நீட்டி நிற்கிறது. மரம் ஒருவருடையது, பயம் மற்றவருடையது. ஆகவே மரம் ஏறும் ஒருவரைத் தேடிப்பிடித்து, கூலி பேசி, "எல்லாக் கொப்பையும் தறித்துவிடுங்கள்" என்கிறோம். அவர் கயிற்றோடும் கத்தியோடும் மேலே போகிறார். நாம் கீழே நிற்கிறோம். மேலே அவர் செய்வது சரியா பிழையா என்று நமக்குத் தெரியாது.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய கேள்வி பிறக்கிறது. செய்த பிழை பல ஆண்டுகள் மறைந்திருக்கும் ஒரு தொழிலிலே, நேர்மைக்குப் பொறுப்பாளி யார்?

தையற்காரர் பிழைவிட்டால் சட்டையைப் போடும் அன்றே தெரிந்துவிடும். கறியிலே உப்புக் கூடினால் முதற் கவளத்திலேயே தெரியும். மரத்தின் கதை வேறு. அமெரிக்க வனத்துறை ஆய்வாளரான அலெக்ஸ் ஷைகோ (1930–2006) ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே பார்த்தவர். 1977ஆம் ஆண்டு வெளியான அவருடைய ஆய்வு ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. மனிதனின் காயம் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. பழுதான பகுதியைச் சுற்றி மரம் உள்ளே சுவர் எழுப்பிக்கொள்கிறது. அதற்கு வெளியே புதிதாக வளருகிறது. பழைய காயமோ மரம் உள்ளவரை அதனுள்ளேயே இருக்கும்.

கொப்பு தண்டோடு சேரும் இடத்திலே கழுத்துப் போன்ற ஒரு தடிப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தடிப்பைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே அறுத்தால் மரம் தன் காயத்தை மெல்ல மூடிக்கொள்ளும். தடிப்பையும் சேர்த்து வழித்துவிட்டால் உக்கல் தண்டுக்குள்ளே இறங்கும். நீளமான குற்றியாக விட்டாலும் அது உக்கி, அதே வழியைத் திறந்துவிடும். உச்சியையே தறித்துவிட்டாலோ, சில மாதங்களில் பச்சைப் பசேலென்று தளிர்கள் எழும். "மரம் நன்றாகத் தழைத்துவிட்டது" என்று மகிழ்வோம். ஆனால் அந்தத் தளிர்கள் மேல்மரத்தில் மட்டுமே பிடித்து நிற்பவை. விரைவிலே பாரமாகும், பிடிப்போ குறைவு. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு காற்றிலே அவை முறியலாம். அப்போது மரம் ஏறியவர் எங்கேயோ, கூலி கொடுத்தவர் எங்கேயோ!

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொழும்பு கொள்ளுப்பிட்டியிலே வீதியோர மரமொன்று பஸ் ஒன்றின்மீது சாய்ந்து ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதற்கு யார் காரணம் என்று தீர்ப்பிடுவது நமது நோக்கமன்று. மரத்தின் பலவீனத்துக்கு விலை கொடுப்பவர், அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத வழிப்போக்கராகவும் இருக்கலாம் என்பதையே இங்கு நினைவூட்டுகிறோம்.

"அப்படியானால் மரமே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். கண்டியிலே வாழ்கிறவர் அப்படிச் சொல்லலாமா? சரிவின் மண்ணைப் பிடித்திருப்பதில் வேர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1821இல் தொடங்கிய பேராதனைத் தாவரவியல் பூங்காவிலே, 1901இல் நடப்பட்ட நாகலிங்க மரம் ஒன்று இருக்கிறது. அதை நட்டவர் பிற்காலத்திலே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானார். அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பூங்காவின் மரங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, பட்ட கொப்பை அகற்றிய தொழிலாளரின் பெயர்களை யார் அறிவார்? அவர்களுடைய கை பிழைக்காததன் பயனையே இன்று நாம் நிழலாக அனுபவிக்கிறோம்.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க முன்னனுமதி வேண்டும் என்ற விதி, 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நம் நாட்டிலே உண்டு. நல்லதே. ஆனால் கொப்பின் எந்த இடத்திலே வாள் வைக்கப்பட்டது என்பதை எந்த அதிகாரி ஏறிப் பார்ப்பார்? அங்கே மனச்சாட்சி ஒன்றே மேற்பார்வையாளர்.

ஆயினும், அந்த மனச்சாட்சியின் பாரம் முழுவதையும் ஏறுகிறவரின் தோளிலே சுமத்திவிட்டு நாம் தப்பமுடியுமா? தரையிலே விழுந்து கிடக்கும் கொப்புகளின் குவியலைப் பார்த்தே நாம் கூலி கொடுக்கிறோம். "ஐயா, இந்த மரம் நல்ல மரம். பட்ட கொப்பு இரண்டை எடுத்தால் போதும்" என்று ஒருவர் உண்மை சொன்னால், அவருக்குப் பாதிக் கூலி, அல்லது நாளைக்கு வேறு ஆள்! உண்மை சொன்னதற்கு நாம் விதிக்கும் அபராதம் அன்றோ இது? வீட்டிலே அடுப்பெரிய வேண்டிய மனிதர் எத்தனை முறை அந்த அபராதத்தைக் கட்டுவார்? ஒருநாள் அவரும் பேசாமல் ஏறி, நாம் சொன்னபடியே தறித்துவிட்டுப் போவார். அந்தப் பிழையிலே நமக்கும் பங்குண்டு.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்திலே வரும் தோட்டத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடும்படி சொன்ன எசமானிடம், அவர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். கொத்தி எருப்போடும் வேலையைத் தாமே ஏற்கிறார். அதற்குப் பின்னும் பயனில்லாவிட்டால் வெட்டலாம் என்றும் ஒத்துக்கொள்கிறார். தொழிலறிந்தவரின் நேர்மை இதுவே. காக்கவேண்டியதைக் காக்கச் சொல்வார். விழுத்தவேண்டியதை விழுத்தவும் சொல்வார். அவர் பேசத் துணிந்தது அவருடைய பெருமை. அவரைப் பேசவிடுவது எசமானின் கடமை.

ஆகவே, அடுத்த முறை ஒருவரை மரத்தில் ஏற்றுமுன் சிலவற்றைச் செய்வோம். கட்டளையிடுமுன் அவருடைய கருத்தைக் கேட்போம். குவியலுக்கல்லாமல் அவருடைய நாளுக்கும் அறிவுக்கும் கூலி பேசுவோம். "தறிக்கவேண்டாம்" என்று சொன்னாலும் அந்தக் கூலியைக் குறைக்காதிருப்போம். மின்கம்பி அருகில் இருந்தால் மின்சாரப் பகுதியினருக்கு முதலில் அறிவிப்போம். மழையில் நனைந்த மரத்திலே "இன்றைக்கே முடித்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்தாதிருப்போம். அவருக்காக வீட்டிலே காத்திருப்பவர்களும் உண்டு. கீழ்வீட்டாரையும் அழைத்து அவர்களோடு கலந்து பேசுவோம்.

இவற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் இன்று நாம் மிச்சம்பிடிக்கும் சில நூறு ரூபாவின் கணக்கு, பத்து ஆண்டுகளுக்குப் பின் யாருடைய கூரையிலே தீர்க்கப்படும் என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள்.