வந்தியின் பங்கு

மாணிக்கவாசகர் உத்தரகோசமங்கையில் பாடியது நீத்தல் விண்ணப்பம். 'என்னைக் கைவிட்டுவிடாதே' என்பதுதான் அதன் 50 பாடல்களிலும் அவர் வைக்கும் வேண்டுதல். அந்த ஊர்ப் பக்கம் கண்மாய்ச் சங்க வேலை பார்க்கும் எனக்கு, அது கோயிலோடு நின்றுவிடுவதில்லை. ஊர் கூடிச் செய்யும் வேலையில் நாம் யாரைக் கைவிடுகிறோம்?

2017-இல் தமிழக அரசு, ஊரார் கூடி நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் பங்குப் பட்டியல் எழுதிய எங்கள் கூட்டத்தில், தனியாக வாழும் அப்பத்தா ஒருவர் எழுந்து கேட்டார்: "கம்மாய்க்கு அனுப்ப எனக்கு ஆளில்லையே, என் பேரை எழுதாம விட்டுருவீகளாப்பா?"

திருவிளையாடற் புராணத்தின் 61-ஆம் படலம் இதைத்தான் பேசுகிறது. வைகை பெருக்கெடுக்கிறது. கரையைப் பாண்டியன் குடிகளுக்குப் பங்கு போட்டு விடுகிறான். பிட்டு விற்கும் வந்திக்கு ஆளில்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமக்கிறார். நினைத்திருந்தால் வெள்ளத்தையே வற்றடித்திருக்கலாமே, ஏன் கூடையைத் தூக்கினார்? வந்தியின் பங்கு வந்தியின் பேரிலேயே கரையேற வேண்டும் என்றுதான். அவர் முதுகில் பாண்டியன் அடித்த பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டது.

பழைய வழக்கமெல்லாம் புனிதமில்லை. கூலியில்லாத மராமத்து பல ஊர்களில் நிலமில்லாதவர் தலையில்தான் விழுந்தது. உடைப்பை அடைக்க ஆட்களைக் கட்டாயமாக இழுத்துவர, 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது. அது பாண்டியன் பிரம்பின் வழி. அந்த வழக்கத்தை மரபென்று மதிக்க என்னால் முடியாது.

கரை அய்யனாருக்குப் பொங்கல் வைத்து ஜேசிபியை இறக்கினால் மட்டும் ஊர்ப் பண்பாட்டை மதித்ததாகாது. எந்த மடையில் வண்டல் மேடிட்டிருக்கிறது என்பது மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குத் தெரியும். என்ன சாதியானாலும் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போட்டு, அவர் சொல்லை முதலில் கேட்க வேண்டும்.

அப்பத்தா பேரை எழுதினோம். அவர் பங்குக்குச் சங்கத்து இளைஞர் ஒருவர் மண் சுமந்தார். அப்பத்தா கரைக்கு வந்து எல்லாருக்கும் நீர்மோர் ஊற்றினார்.

உங்கள் ஊரில் ஊருணியோ கண்மாயோ தூர்வாரப் போகிறீர்களா? திட்ட மதிப்பீட்டைப் பார்ப்பதற்கு முன் பங்குப் பட்டியலைப் பாருங்கள். விடுபட்ட பேரை முதலில் எழுதுங்கள். மண்வெட்டியைப் பிறகு எடுக்கலாம்.