உழைப்பும் உவகையும்

மாந்தர் செய்யும் வினைகளைப் பொருள் கருதிச் செய்வன, கடமை கருதிச் செய்வன, களிப்புக் கருதிச் செய்வன என மூவகையாகப் பகுக்கலாம். முன்னிரண்டிற்கும் உலகில் மதிப்புண்டு. மூன்றாவதற்கோ 'வீண்பொழுது' என்னும் பெயரே எஞ்சுகிறது. வள்ளுவப் பெருந்தகை மடியின்மைக்கு ஓர் அதிகாரமும், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். ஊதியமோ ஏவலோ இன்றி ஒருவன் தன் கைகளை வருத்தி மகிழ்வானாயின், அஃது ஆள்வினையா, அன்றி மடியின் மாறுவேடமா? இவ்வினாவைச் சிறியதொரு கைத்தொழிலை முன்னிறுத்தி ஈண்டு ஆராய விழைகிறோம்.

கொக்கியால் விரிப்புச் செய்வது அத்தொழில். கோணித் துணியை மரச்சட்டத்தில் இறுக இழுத்துக் கட்டுவர். பழைய கம்பளித் துணியை நீள நீளமாகக் கிழித்துக் கொள்வர். ஒரு கை அத்துணியிழையைக் கோணிக்கு அடியில் பிடித்திருக்க, மறு கை மேலிருந்து கொக்கியை நுழைத்து அதனை ஒரு வளையமாக மேலே இழுக்கும். வளையத்தின் அருகே வளையம் நெருங்கி நிற்க, மெல்ல மெல்லக் கோணி மறைந்து விரிப்புத் தோன்றும். முடிச்சு என்பதே இதில் இல்லை. ஒவ்வொரு வளையமும் கோணியின் இறுக்கத்தாலும் அண்டை வளையத்தின் நெருக்கத்தாலும் நிற்கிறது. நம் நாட்டு ஆரி வேலையைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ இங்கிலாந்துப் பகுதியிலும் கனடாவின் அட்லாண்டிக் மாநிலங்களிலும், 19ஆம் நூற்றாண்டில் இக்கலை தழைத்தது. தானியமும் பிறவும் கட்டி வந்த சாக்குகளே அதற்கு அடித்தளம். அச்சாக்குக்குரிய சணலோ வங்க மண்ணில் விளைந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளிலும், 1855இல் ரிஷ்ராவில் முதல் ஆலை தோன்றிய பின்னர் ஹூக்ளிக் கரையிலும், அச்சணல் துணியாயிற்று. வங்கத்து உழவன் விளைத்த சணல், குளிர்க்கடலோரத்து மீனவப் பெண்ணின் வீட்டுத் தரைக்கு விரிப்பாயிற்று என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

யாம் இக்கலையைப் பயிலத் தொடங்கிச் சில திங்களே ஆகின்றன. அகவை நாற்பதைக் கடந்த பின்னர் மாணாக்கராக அமர்வதில் தனியானதோர் உவகை உண்டு. அலுவலகத்தில் நாம் எழுதும் குறிப்பு மேசைக்கு மேசை செல்கிறது. அது யாருக்கு எந்நன்மையை விளைத்தது என்பதை நாம் காண்பதரிது. இன்று கோப்புகளும் கணினித் திரைக்குள் புகுந்துவிட்டமையால், அவற்றின் கனத்தைக்கூடக் கை உணர்வதில்லை. இங்கோ, ஒரு மணி நேர உழைப்பு உள்ளங்கையகல நிறமாகக் கண்முன் நிற்கிறது. முதல் வரிசை மேடும் பள்ளமுமாக இருக்கும். ஐந்தாம் வரிசை சற்றே சீர்ப்படும். வேண்டாத வளையங்களை இழுத்துவிட்டால் அவை தடையின்றிக் கழன்றுவிடும். நகத்தால் நீவினால் கோணியின் கண்ணும் மூடிக்கொள்ளும். திருத்தத்திற்கு இவ்வளவு இடந்தரும் ஆசான் வேறு யார்? தேர்ந்தவன் பெறுவது புகழ். புதிதாய்க் கற்பவனோ தன் கை நேற்றையினும் இன்று வளர்ந்திருப்பதைத் தானே காண்கிறான். அக்காட்சியே அவனுக்கு இன்பம்.

இதற்கு மாறாக எழும் வினா ஒன்றுண்டு. பிறர் வறுமையால் செய்த தொழிலை நாம் விளையாட்டாகச் செய்வது தகுமா என்பதே அது. புறந்தள்ளத் தக்க வினாவன்று இது. நியூபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரைகளுக்கு 1892இல் சென்ற ஆங்கில மருத்துவர் வில்பிரட் கிரென்பெல் நிறுவிய அறப்பணி அமைப்பு, மீனவப் பெண்டிர்க்கு இத்தொழிலால் வருவாய் தேடித் தந்தது. நகரத்துச் செல்வ மகளிர் கழித்த பட்டுக் காலுறைகள் நன்கொடையாக வந்தன; அவை பனிக்கரடியாகவும் நாய்வண்டியாகவும் உருப்பெற்றன. ஒரே சீராக, நேர்வரிசையில் நெருங்கிய வளையங்களே அவ்விரிப்புகளின் பெருமை. அச்சீர்மைக்குப் பின்னே நெடுங்குளிர்காலமும், குழந்தைகளின் பசியும் நின்றன என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டையே நோக்குவோம். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர்ப் பகுதிகளில் முடிச்சுக் கம்பளம் நெய்யும் தறிகளில் சிறார் பலர் கொத்தடிமைகளாக உழன்ற செய்தி நாடறிந்தது. 1986ஆம் ஆண்டின் சட்டம் பதினான்கு வயது நிரம்பாத சிறாரைக் கம்பள நெசவில் பணியமர்த்துவதைத் தடை செய்தது. 1994இல், சிறாரின் உழைப்பின்றி நெய்த கம்பளங்களுக்கு 'ரக்மார்க்' என்னும் முத்திரை தோன்றியது. அச்சிறுவனும் நூலை இழுத்தான். யாமும் துணியிழையை இழுக்கிறோம். அவன் செயலைக் கொடுமை என்கிறோம். நம் செயலை இன்பம் என்கிறோம். விரல்களின் அசைவில் இல்லாத வேற்றுமை எங்கே உள்ளது?

நிறுத்தும் உரிமையில் உள்ளது என்பதே எம் துணிபு. கண் சோர்ந்தால் யாம் கொக்கியைக் கீழே வைக்கிறோம், நாளை எடுக்கிறோம், எடுக்காமலே விட்டாலும் கேட்பாரில்லை. அச்சிறுவனுக்கோ நிறுத்த உரிமையில்லை. எனவே உழைப்பு இன்பமாவதும் துன்பமாவதும் உழைப்பின் இயல்பால் மட்டும் அன்று. உழைப்பவனின் உரிமையாலும் ஆகும். பலன் கருதாது செயலாற்றுக என்று கீதை கூறுவதாக எடுத்துக்காட்டுவோர் இங்குச் சற்றே நிதானித்தல் வேண்டும். உண்ணவும் உடுக்கவும் பெற்றவன் பலனைத் துறப்பது எளிது. கூலி மறுக்கப்பட்டவனிடம் அவ்வறிவுரையைக் கூறுவது அறமன்று.

அங்ஙனமாயின் களிப்புக்காகச் செய்யும் கைவினை குற்றமாகுமோ? ஆகாது. அஃது ஒரு கடனைச் சுமத்துகிறது என்பதே உண்மை. சாணகல விரிப்புக்கு எத்தனை மாலைப் பொழுதுகள் தேவை என்பதைத் தன் தோள்வலியால் அறிந்தவன், கடைத்தெருவில் கைவினைப் பொருளின் விலையைக் கேட்டு முகஞ்சுளிக்கமாட்டான். பேரம் பேச எழும் நாவு தானே அடங்கும். மலிவான கம்பளத்தைக் காணுங்கால், 'இம்மலிவை யார் சுமந்தனர்?' என்று வினவும் உள்ளமும் அவனிடம் பிறக்கும். நூல்கள் பல கற்றும் வாராத இவ்வறிவு, விரல்நுனி வழியாக எளிதில் வந்து சேர்கிறது.

ஆதலின் ஓய்வுப் பொழுதில் ஏதேனும் ஒரு கைத்தொழிலைப் பழகுதல் மடியுமன்று, வீண்பொழுதுமன்று. அதன் இன்பத்தை நாணமின்றி நுகர்வோமாக. அதே தொழிலால் உயிர்வாழ்வோர்க்கு உரிய விலையையும், உரிய ஓய்வையும் வழங்கும் சமுதாயத்தை விரும்புவோமாக. நமக்குள்ள நிறுத்தும் உரிமை அவர்க்கும் வாய்க்கும் நாளிலேதான் நம் உவகை முழுமை பெறும்.